றாத்தலுக்கு றாத்தல் யார் பெரிய ஆள்?

வெள்ளவத்தையில் பேக்கரிக்குப் போனால் இன்றைக்கும் "ஒரு றாத்தல் பாண் தாங்க" என்றுதான் கேட்கிறோம். அரிசி கிலோவுக்கு மாறிவிட்டது, பெற்றோல் லீற்றருக்கு மாறிவிட்டது, பாண் மட்டும் றாத்தலை விடவில்லை. அதுவும் முழு றாத்தல் இல்லை. பாணுக்குக் குறித்த நிறை 450 கிராம். அசல் றாத்தலுக்கு, அதாவது ஆங்கிலப் பவுண்டுக்கு, மூன்றரை கிராம் போலக் குறைவு. இந்தக் கிழட்டு அளவையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் இன்னொரு இடம் குத்துச்சண்டை.

தங்கையின் மகனுக்குப் பதினான்கு வயது. பாடசாலைக் குத்துச்சண்டை அணியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஒரு நாள் பாணும் கையுமாகக் காலி வீதியைக் கடக்க நிற்கும்போது கேட்டான்.

"மாமா, அலியையும் பக்கியாவோவையும் ரிங்குக்குள்ள விட்டா யார் வெல்லுவாங்க?"

"அலிதான். அதில என்ன சந்தேகம்?"

"அப்ப அலிதான் பெரிய ஆளா?"

"அது வேற கேள்வி."

பஸ் ஒன்று குறுக்கே வந்ததால் அதோடு விட்டோம். அந்த வேற கேள்விக்குத்தான் இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதல் கேள்வி ஒன்றும் பெரிய விஷயமில்லை. 1974இல் கின்ஷாசாவில் ஜோர்ஜ் ஃபோர்மனை வீழ்த்தியபோது முஹம்மத் அலியின் நிறை 216 றாத்தலுக்கு மேல். பிலிப்பைன்ஸ் வீரர் மனி பக்கியாவோ தன் வாழ்நாளின் ஆகப் பெரிய நிறைப் பிரிவில் சண்டை போட்டபோதுகூட 145 றாத்தலைத் தொடவில்லை. வித்தியாசம் எழுபது றாத்தல், பேக்கரிக் கணக்கில் எழுபது பாண். அவ்வளவையும் சுமந்துகொண்டு வருகிற ஒருவனோடு எந்தத் திறமையை வைத்து மோதுவது? அதனால்தான் நிறைப் பிரிவுகள் வந்தன. எலியை எலியோடும் யானையை யானையோடும் விடுகிற ஏற்பாடு அது.

ஆனால் பிரிவு வைத்தவுடன் ஆளுக்கொரு சம்பியன் வந்துவிடுகிறார். அந்தச் சம்பியன்களில் யார் மேல் என்று கேட்கிற ஆசையை யாராலும் அடக்க முடியாது. அந்த ஆசைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர்தான் பவுண்ட் ஃபோர் பவுண்ட். நாங்கள் றாத்தலுக்கு றாத்தல் என்று சொல்லலாம். உடம்பின் பருமனை ஒரு பக்கம் கழித்து வைத்துவிட்டு, மிச்சமிருக்கிற கைவேகம், கால் நகர்வு, கண், நெஞ்சுத் துணிவு, தந்திரம் இவற்றை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. எல்லோரும் ஒரே நிறையில் பிறந்திருந்தால் யார் வெல்வார் என்ற கற்பனை. அளக்கத் தராசு கிடையாது. இதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

நிறை என்பது எவ்வளவு வழுக்கலான சங்கதி என்பதை நான் மருமகனை வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன். அவனுடைய முதல் போட்டிக்கு நிறை பார்க்கிற நாளுக்கு முதல் இரவு சோற்றைத் தொடவில்லை. தங்கை கோபத்தில் பானையை மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். விடியக் காலையில் தடித்த ஜக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் கயிறடித்தான். அப்படியும் தராசில் முன்னூறு கிராம் கூட. சேர்ட்டைக் கழற்றினான், காற்சட்டையைக் கழற்றினான், ஒரு போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு துப்பிக்கொண்டே இருந்தான். கடைசியில் முள் சரியான இடத்தில் நின்றது. வெளியே வந்ததும் இரண்டு வாழைப்பழம், ஒரு மீன் பணிஸ், ஒரு போத்தல் நெக்டோ. பின்னேரம் ரிங்கில் ஏறியபோது எந்தப் பிரிவில் நின்றானோ அந்தப் பிரிவின் நிறை அவனிடம் இல்லை. (பதினான்கு வயதுப் பிள்ளை செய்கிற வேலையா இது? கோச்சிடம் நன்றாக ஏச்சு வாங்கினான்.)

பெரியவர்களின் உலகத்தில் இதே கூத்து பல மடங்காக நடக்கிறது. முந்தைய காலத்தில் சண்டை நடக்கும் அன்றைக்கே நிறை பார்த்தார்கள். இழந்த தண்ணீரைத் திரும்ப ஏற்ற நேரமில்லை. பிற்பாடு முதல் நாளே பார்க்கும் வழக்கம் வந்தது. 2010 நவம்பரில் பக்கியாவோவும் அந்தோனியோ மார்கரிட்டோவும் மோதிய சண்டைக்கு 150 றாத்தல் என்று பேசி வைத்திருந்தார்கள். நிறை பார்த்தபோது பக்கியாவோ 144.6, மார்கரிட்டோ சரியாக 150. அடுத்த நாள் இரவு ரிங்கில் பக்கியாவோ 148, மார்கரிட்டோ 165. காகிதத்தில் ஐந்தரை றாத்தல், ரிங்கில் பதினேழு. பக்கியாவோ பன்னிரண்டு சுற்றும் அவரை அடித்து நொறுக்கினார். 1998இல் 112 றாத்தல் பிரிவில் முதல் உலகப் பட்டம் வென்றவருக்கு இது எட்டாவது நிறைப் பிரிவு.

எட்டுப் பிரிவு என்றதும் வாயைப் பிளக்கிறோம். பிளக்கலாம், ஆனால் ஒரு கணக்கையும் கூடவே போட வேண்டும். பழைய நாளில் இருந்தவையே மொத்தம் எட்டுப் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஒரே சம்பியன். இன்றைக்குப் பிரிவுகள் பதினேழு, பட்டம் கொடுக்கும் பெரிய அமைப்புகள் நான்கு. பெருக்கினால் அறுபத்தெட்டு பெல்ட். 1937க்கும் 1938க்கும் இடையில் ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் பெதர்வெயிட் (126 றாத்தல்வரை), வெல்டர்வெயிட் (147வரை), லைட்வெயிட் (135வரை) ஆகிய மூன்று பட்டங்களையும் வென்று ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார். உலகத்தில் இருந்த எட்டுச் சம்பியன் நாற்காலிகளில் மூன்றில் ஒரே ஆள்! வெல்டர்வெயிட் பட்டத்துக்காக பார்னி ரொஸ்ஸோடு மோதியபோது ஆம்ஸ்ட்ரோங் 133½ றாத்தல், ரொஸ் 142. எட்டில் மூன்று பெரிதா, பதினேழில் எட்டு பெரிதா என்று யாராவது கேட்டால் நான் ஆம்ஸ்ட்ரோங் பக்கம்தான் நிற்பேன். பக்கியாவோவின் ரசிகர்கள் மன்னிக்க வேண்டும்.

இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒருவரிடம்தான் வந்து நிற்கும்: சுகர் ரே ரொபின்சன். றாத்தலுக்கு றாத்தல் என்ற சொல் அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது, ஆனால் அவரோடுதான் ஒட்டிக்கொண்டது. வெல்டர்வெயிட்டில் சம்பியன், பிறகு அதற்கு மேலே உள்ள மிடில்வெயிட்டில் ஐந்து தடவை. எல்லாவற்றுக்கும் மேல் பிரிவான ஹெவிவெயிட்காரர்கள்தான் பெரிய ஆட்கள் என்று உலகம் நினைத்த காலத்தில், அவர்களைவிடச் சிறிய உடம்புள்ள ஒருவர் எல்லோரையும்விடத் திறமைசாலி என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது.

அவருடைய வெற்றிகளைவிட ஒரு தோல்வியைத்தான் நான் மருமகனுக்குச் சொன்னேன். 1952 ஜூன் 25, நியூயோர்க் யாங்கி ஸ்டேடியம். ரொபின்சன் மிடில்வெயிட் சம்பியன், 157½ றாத்தல். எதிரே அடுத்த மேல் பிரிவான லைட் ஹெவியின் சம்பியன் ஜோய் மக்சிம், 173 றாத்தல். அன்றைக்கு ரிங் பக்கத்தில் வெப்பம் நாற்பது செல்சியஸ் அளவில், அதற்கு மேலே விளக்குச் சூடு வேறு. கொழும்பில் ஏப்ரல் மாதம் கரண்ட் போன மத்தியானத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிட மோசம். ரொபின்சன் ஒவ்வொரு சுற்றாக எடுத்துக்கொண்டே போனார். பத்தாவது சுற்று முடிந்தபோது நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீனால் நிற்க முடியவில்லை. அவரை இறக்கிவிட்டு வேறு நடுவரை ஏற்றினார்கள். பதின்மூன்றாவது சுற்றில் ரொபின்சன் ஓங்கி வீசிய அடி காற்றில் போய், அவரே முகம் குப்புற விழுந்தார். பதினான்காவது சுற்றுக்கு மணி அடித்தபோது ஸ்டூலில் இருந்து எழும்பவில்லை. மூன்று தீர்ப்பாளர்களின் தாளிலும் முன்னுக்கு நின்றவர் அவர்தான்.

பதிவுப் புத்தகத்தில் இது ஒரு தோல்வி. றாத்தல் கணக்கில் பார்த்தால், தன்னைவிடப் பதினைந்து றாத்தல் கூடின உலகச் சம்பியனைப் பதின்மூன்று சுற்றுக்கு ஆட்டிவைத்தவர். இரண்டும் உண்மை. மக்சிமும் அதே வெயிலில்தான் நின்றார் என்பதையும் மறக்கக் கூடாது. சூட்டில் தன் பலத்தைச் சேமித்து வைப்பதும் ஒரு திறமைதான்.

ஒரே காலத்துக்குள்ளேயே இவ்வளவு சிக்கல் என்றால் காலம் மாறும்போது என்ன ஆகும்? இதற்குக் குத்துச்சண்டையை விட்டுக் கொஞ்சம் பொரளைப் பக்கம் போவோம். 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் போகிற வழியில் கொழும்பு ஓவலில், இன்றைய பி. சரா மைதானத்தில், ஒரு நாள் ஆடியது. சராசரி 99.94 வைத்திருந்த மனிதர் அன்றைக்கு எடுத்தது 20 ஓட்டம். பிறகு அளந்து பார்த்தால் ஆடுகளத்தின் நீளம் 22 யார் (கஜம்) இல்லை, 20 யார்! அந்த இன்னிங்சை எந்தக் கணக்கில் எழுதுவது? பழைய காலத்து வீரர்களை ஒப்பிடுவதும் இப்படித்தான். ஓட்டமும் விக்கெட்டும் ஏட்டில் இருக்கும், ஆடுகளத்தின் நீளம் இருக்காது.

குத்துச்சண்டையின் ஆடுகளமும் பல தடவை மாறியிருக்கிறது. பட்டச் சண்டைகள் முன்பு பதினைந்து சுற்று. 1982 நவம்பரில் ரே மன்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ இறந்துபோன பிறகுதான் பன்னிரண்டாகக் குறைக்கத் தொடங்கினார்கள். சண்டை போடும் எண்ணிக்கையில் உள்ள வித்தியாசம் அதைவிடப் பயங்கரமானது. ஃபிளோயிட் மேவெதர் இருபது வருடத்துக்கு மேல் ஆடி 50 சண்டை, ஐம்பதிலும் வெற்றி. ஆம்ஸ்ட்ரோங் 1937 என்ற ஒரே வருடத்தில் 27 சண்டை போட்டார், இருபத்தேழையும் வென்றார், அதில் 26 நொக் அவுட். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ரிங்கில் ஏறுகிறவருக்குத் தடிமன் இருக்கும், கை வீங்கியிருக்கும், நித்திரை இருக்காது. அவர் எப்போதாவது தோற்பார். அதை வருடத்துக்கு இரண்டு தடவை, ஆறு மாதம் தயார் செய்துகொண்டு வருகிறவரின் தோல்வியோடு சமமாக வைக்க முடியாது.

அதனால் பூச்சியத்தைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பேன். ரொக்கி மார்சியானோ 49 சண்டை, ஒரு தோல்வி இல்லை. ரொபின்சன் ஏறத்தாழ இருநூறு சண்டை, 19 தோல்வி. ஆனால் மக்சிமோடு நடந்தது அவருடைய மூன்றாவது தோல்விதான். அதற்குள் நூற்று முப்பதுக்கும் மேல் வென்றிருந்தார். மிச்சம் பதினாறும் 1955இல் ஓய்விலிருந்து திரும்பி வந்து, நாற்பத்து நான்கு வயதுவரை விடாமல் ஆடியதில் சேர்ந்தவை. அலியின் ஐந்து தோல்விகளையும் பிரித்துப் பாருங்கள்: ஃப்ரேசியர், நோர்ட்டன், லியோன் ஸ்பிங்ஸ் மூவரிடமும் தோற்றார், மூவரையும் திரும்பச் சந்தித்து வென்றார். கடைசி இரண்டும் முப்பத்தெட்டு வயதுக்குப் பிறகு, யாராவது கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டிய நேரத்தில்.

கம்பியூட்டரிடம் கொடுத்துவிட்டால் என்ன என்று மருமகன் கேட்டான். கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அலி பட்டம் பறிக்கப்பட்டுச் சண்டை போட முடியாமல் இருந்த 1969இல், ஓய்வுபெற்றுப் பதின்மூன்று வருடமான மார்சியானோவையும் அவரையும் ஒரு ஸ்டூடியோவில் வைத்துச் சின்னச் சின்னச் சுற்றுகளாகப் படம் பிடித்தார்கள். முடிவுகளையும் பல விதமாக எடுத்து வைத்தார்கள். எந்த முடிவைக் காட்டுவது என்று கம்பியூட்டர் சொல்லும் என்றார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ பதின்மூன்றாவது சுற்றில் நொக் அவுட்டில் வென்றார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி வென்றார். மார்சியானோ இரண்டையும் பார்க்கவில்லை. படம் வெளிவருவதற்கு முன்பே விமான விபத்தில் இறந்துபோனார்.

இன்றைய கணினித் தரவரிசைகள் அவ்வளவு விளையாட்டுத்தனமானவை இல்லை. செஸ்ஸுக்காக அர்பட் ஈலோ உருவாக்கிய முறையைப் போல, பலமானவரை வென்றால் கூடப் புள்ளி, பலவீனமானவரிடம் தோற்றால் கூட இழப்பு என்று கணக்கு ஓடும். ஒரே காலத்து ஆட்களுக்கு இது நல்லாகவே வேலை செய்கிறது. இரண்டு காலத்தைத் தைக்க வேண்டும் என்றால் நூல் எங்கே? ஒரு தலைமுறையும் அடுத்த தலைமுறையும் சந்திப்பது எப்போதும் ஒரே மாதிரித்தான்: இளையவர் ஏறுகிற நேரம், மூத்தவர் இறங்குகிற நேரம். 1943இல் ரொபின்சன் ஆம்ஸ்ட்ரோங்கை வென்றார். 1951இல் மார்சியானோ முப்பத்தேழு வயது ஜோ லூயிஸை ரிங்குக்கு வெளியே தள்ளினார். 1980இல் லரி ஹோம்ஸ் அலியை உட்கார வைத்தார். இந்த மூன்றையும் மட்டும் சூத்திரத்துக்குள் போட்டால் பிந்தி வந்தவர்தான் எப்போதும் மேல் என்று விடை வரும். அது திறமையைப் பற்றிய விடை இல்லை, பிறந்த தேதியைப் பற்றிய விடை.

சரி, படத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால் ஹரி க்ரெப் வழியை மறிக்கிறார். 1920களின் மிடில்வெயிட் சம்பியன். முந்நூறு அளவில் சண்டைகள், அதில் பாதிக்காலம் ஒரு கண் பார்வையோடு. பின்னாளில் ஹெவிவெயிட் சம்பியனான ஜீன் டனியை அவருடைய வாழ்நாளில் தோற்கடித்த ஒரே ஆள். அவருடைய ஒரு சண்டைகூட இன்றைக்குப் படமாக இல்லை.

இன்னொரு வகை ஆட்கள் உண்டு. அவர்களை ஏடே உள்ளே விடவில்லை. சாம் லங்ஃபோர்ட் லைட்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட் வரை அடித்துக்கொண்டு போனவர். கறுப்பர் என்பதால் வெள்ளை ஹெவிவெயிட் சம்பியன்கள் அவர் பக்கம் திரும்பவில்லை. 1908இல் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சம்பியனான ஜாக் ஜோன்சன்கூட, முன்பு ஒரு தடவை அவரை வென்றிருந்தும், பட்டத்தைப் பணயம் வைத்து மறுபடி மோதவில்லை. ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டை லங்ஃபோர்டுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. கொழும்புத் தமிழருக்கு இதை விளக்க எனக்கு ஒரு பெயர் போதும்: மகாதேவ சதாசிவம். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 அடித்தவர், அடுத்த வருடம் அந்த 20 யார் ஆடுகளத்தில் பிராட்மனுக்கு எதிரே இலங்கைக்குத் தலைமை தாங்கியவர். டெஸ்ட் ஓட்டம்? ஒன்றுமில்லை. நாங்கள் முதல் டெஸ்ட் ஆடியது 1982 பெப்ரவரியில், அதே மைதானத்தில். அவர் இறந்து ஏறத்தாழ ஐந்து வருடத்துக்குப் பிறகு. தமிழ் யூனியனில் ஆடிய முரளியின் 800 விக்கெட்டை ஏட்டில் காட்டலாம். அதே கழகத்துச் சதாசிவத்தை எதில் காட்டுவது? பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்க வேண்டியதுதான். லங்ஃபோர்டும் அப்படித்தான்.

இதற்கெல்லாம் பிறகு நான் எப்படி வரிசைப்படுத்துகிறேன் என்றால், கால யந்திரத்தை விட்டுவிடுகிறேன். 1940ஆம் ஆண்டின் ஆளை இன்றைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று கேட்பதில்லை. அவரவர் காலத்தில் எதிரே நின்றவர்களைவிட எவ்வளவு உயரத்தில் நின்றார் என்று பார்க்கிறேன். யாரை வென்றார் என்பதைவிட, வென்ற அன்றைக்கு அந்த எதிராளி எந்த நிலையில் இருந்தார் என்பது எனக்கு முக்கியம். தன் நிறையை விட்டு மேலே ஏறிப்போய்ப் பெரியவர்களை வென்றிருந்தால் கூட மதிப்பு. மிடில்வெயிட்டில் தொடங்கிய ரோய் ஜோன்ஸ் 2003இல் 193 றாத்தலோடு 226 றாத்தல் ஜோன் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் ஒன்றை எடுத்தது போல. 2025 செப்டெம்பரில் டெரன்ஸ் க்ரோஃபோர்ட் இரண்டு பிரிவு தாண்டி ஏறி கனெலோ அல்வாரஸை வென்றது போல. கிழமைக்குக் கிழமை மாறுகிற இன்றைய பட்டியல் வேறு, எல்லாக் காலத்துக்குமான பட்டியல் வேறு என்பதையும் கலக்கக் கூடாது. முதலாவது யார் இன்றைக்கு நல்ல ஃபோமில் இருக்கிறார் என்று கேட்கிறது, இரண்டாவது முழு வாழ்க்கையையும் கேட்கிறது.

மருமகனின் சீஆர் கொப்பியின் பின்பக்கத்தில் என் பட்டியலை எழுதிக் கொடுத்தேன். ரொபின்சன், ஆம்ஸ்ட்ரோங், அலி, அப்புறம் லங்ஃபோர்ட், பனாமாவின் ரொபேர்ட்டோ டுரான். க்ரெப்பின் பெயரை மட்டும் மூன்றாம் இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால். 2002இல் தி ரிங் சஞ்சிகை முந்தைய எண்பது வருட வீரர்களை வரிசைப்படுத்தியபோதும் முதல் மூன்று இடமும் இதே மூவருக்குத்தான், அதனால் நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

அவன் மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தான், கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தான்.

"டைசன் எங்க மாமா?"

இருபது வயதில் ஹெவிவெயிட் சம்பியன், 1988இல் மைக்கல் ஸ்பிங்ஸை 91 செக்கனில் முடித்தவர், அந்த இரண்டு மூன்று வருடத்துக்கு அவரைப் போல ஒருவர் இல்லை என்றேன். ஆனால் 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்லஸ் விழுத்திய பிறகு, ஹோலிஃபீல்டும் லெனக்ஸ் லூயிஸும் என்று பெரிய ஆட்கள் எதிரே வந்தபோதெல்லாம் தோல்வி. உச்சத்தை மட்டும் பார்த்தால் மேலே வருவார், முழுவதையும் பார்த்தால் இறங்குவார் என்றேன்.

"அப்ப உச்சத்த மட்டும் பாப்பம்."

கொப்பியை வாங்கி, ரொபின்சனுக்கு மேலே இருந்த கொஞ்ச இடத்தில் டைசனின் பெயரை நெருக்கி எழுதினான். பென்சிலால் இல்லை, பேனாவால்.